காற்றே வரவில்லை, காஸ் எதற்கு?

பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் வழியில் இருக்கிறது பலோடி. 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி வெயில். இந்தத் தடத்தில் பிக்கப் ஓட்டுபவருக்கு ஏ.சி. ஆடம்பரமல்ல. ஆனால் 2025 அக்டோபர் முதல் தயாராகும் வண்டிகளில் ஏ.சி.யைக் கட்டாயமாக்கிய மத்திய அரசு விதி, 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத்தான். சின்ன பிக்கப்புகள் கணக்கில் இல்லை.

ஏ.சி. இருந்தாலும் காற்று ஈனசுரத்தில் முனகினால்? பல ஒர்க்‌ஷாப்புகளில் ஒரே மருந்து: காஸ் நிரப்புவது. டிரைவரின் பணம்தான் கரைகிறது. காஸ் குறைந்தால் பொதுவாகக் குளிர்ச்சிதான் குறையும், காற்றின் வேகமல்ல. வேகம் போனால் முதல் சந்தேகம் தூசி மேல்.

டேஷ்போர்டுக்குள் ஃபில்டர் இருந்தால் கழற்றிப் பார்ப்பது எளிது. ஃபில்டரே இல்லாத வண்டிகளில்தான் வினை. பாலைவன மணல் நேராக ஈரமான கூலிங் காயிலில் ஒட்டி, சேறாகி, இறுகிவிடுகிறது. டேஷ்போர்டைப் பிரித்துக் கழுவினால்தான் விமோசனம். புளோயர் உச்ச வேகத்தில் மட்டும் ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் ரெசிஸ்டர்.

ஒரு மணி நேரம் நன்றாக வீசிவிட்டுக் காற்று அடங்குகிறதா? காயிலில் பனி உறைந்திருக்கலாம். ஏ.சி.யை அணைத்து, புளோயரை மட்டும் கொஞ்ச நேரம் ஓட்டினால் காற்று திரும்பும். பனி உறையக் காரணம் தூசியாகவோ பழுதான தெர்மோஸ்டாட்டாகவோ இருக்கலாம். சில சமயம், காஸ் குறைவாகவும்.