மிளகுக் கொடியும் வாடகை வீடும்

மலர்க் குழு அன்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "நயினார், நீங்க சமண இலக்கியம் பத்தி எழுதுங்க" என்றார்கள். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். மூணாறு பஜாரில் நாற்பது வருஷம் மலைச்சரக்கு எடை போட்டவன். எனவே இலக்கியத்தையும் சரக்கையும் ஒரே தராசில் வைத்து, மிளகைப் பற்றிச் சிறிது சொல்ல விழைகிறேன்.

மிளகுக்குப் பழந்தமிழில் 'கறி' என்றும் பெயர் உண்டு. சேரநாட்டு முசிறித் துறையில் யவனர் கப்பல்கள் வந்து மிளகு ஏற்றிப் போன செய்தி அகநானூற்றின் 149ஆம் பாட்டில் உள்ளது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் வந்த புதுக் காய்க்கு நம் முன்னோர் 'மிளகாய்' என்று பெயரிட்டார்கள். மலையாளத்தில் வெறும் 'முளகு' என்றால் இன்று மிளகாய்தான். நம்முடைய மிளகு அங்கே குருமுளகு, நல்லமுளகு. புதிதாக மலையேறி வந்த நம்மவர் கடையில் தடுமாறுவது இதனால்தான்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கும் அதுவே பெயர். சமணப் புலவர் கணிமேதாவியார் செய்த ஏலாதியின் பெயர் ஆறு சரக்கு சேர்ந்த சூரணத்தின் பெயர்: ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு. உடல் நோய்க்குச் சூரணம் போல மன நோய்க்கு அறம் என்பது கருத்து. இந்த ஆறில் ஏலமும் மிளகும் நம் இடுக்கி மலையிலேயே விளைகிறவை என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

இனி வளர்ப்பு முறை. மூணாறு டவுன் சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தையில் உறைபனி விழும். இங்கே கொடி உயிரோடு இருக்கும், ஆனால் காய்ப்பு குறைவு. கீழே அடிமாலி, பைசன்வேலி பக்கம் நன்றாக வரும். தாய்க்கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் தண்டை (மலையாளத்தில் செந்தலை) மாசி, பங்குனியில் எடுத்து, இரண்டு மூன்று கணு வைத்து வெட்டி, பையில் வேர்விடச் செய்யவேண்டும். இடவப்பாதி மழை தொடங்கும்போது கல்யாண முருங்கை அல்லது சில்வர் ஓக் மரத்தின் வடபுறத்தில், ஒரு அடி தள்ளிக் குழியெடுத்து நடலாம். மூன்றாம் வருஷம் காய் பார்க்கலாம்.

கண்ணூர் மாவட்டம் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பன்னியூர்-1 உலகத்திலேயே முதல் கலப்பின மிளகு. அதற்கு நல்ல வெயில் வேண்டும். நிழல் அதிகமுள்ள இடத்துக்குப் பழைய கறிமுண்டாவே தேவலை.

கொடி எதையும் தாங்கும், வேரில் நிற்கும் தண்ணீரை மட்டும் தாங்காது. அடிமாலிப் பக்கம் எனக்கிருந்த சிறு தோட்டத்தில், நல்லது செய்வதாக நினைத்து மழைக்காலத்தில் அடிமண்ணைக் கொத்திவிட்டேன். வேர் அறுபட்டது, தண்ணீர் தேங்கியது, துரிதவாட்டம் பிடித்தது. பத்தே நாளில் இருபது கொடியும் இலை கருகி உதிர்ந்து போச்சு. ஃபைட்டாஃப்தோரா என்னும் கிருமியின் வேலை அது. மழைக்கு முன்பே ஒரு சதவீத போர்டோ கலவை தெளித்து, வடிகால் வைத்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

நம்மில் பலருக்குத் தோட்டமே கிடையாதே என்பீர்கள். உண்மைதான். எஸ்டேட் லயத்தில் பிறந்து, அங்கேயே உழைத்து, ஓய்வு பெற்ற அன்று வீட்டைக் காலி செய்கிறவர்கள் நம் சனங்கள். ஊன்றிய கொடியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியுமா? அவர்களுக்காகத்தான் குற்றிமிளகு. காய்க்கும் பக்கக் கிளையை வேர்விடச் செய்தால் அது மரம் ஏறாது, செடியாகவே நின்று காய்க்கும். வேர் பிடிப்பது கொஞ்சம் சிரமம். ஆகையால் நாற்றாகவே வாங்குவது நல்லது. சாந்தன்பாறை கிருஷி விஞ்ஞான் கேந்திரத்தில் விசாரிக்கலாம். மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய சாணம் ஒன்று கலந்த தொட்டி, பாதி நிழல், இரண்டு நாளைக்கொரு தண்ணீர், அவ்வளவே. ஏறப் பார்க்கும் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும்.

சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்கலாம். கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கிக் காயவைத்தால் ஒரே சீராகக் கறுக்கும். மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர் மிளகு என்பது கடைக்கணக்கு.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மிளகின் காரச்சத்தான பைப்பரின் மஞ்சளின் சத்து இரத்தத்தில் சேர்வதை இருபது மடங்கு கூட்டியதாக 1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் கண்டார்கள். அதே குணத்தால் ஆங்கில மருந்துகள் சிலவற்றின் வேகமும் கூடலாம். ரசத்தில், பாலில் போடும் மிளகால் பயமில்லை. வலிப்பு, இருதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சூரணத்தை ஸ்பூன் கணக்கில் தின்னும் முன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு அக்கா, முப்பத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளியவர், போன வருஷம் லயத்தைக் காலி செய்தார். லாரியில் பாத்திரம், கட்டில், இவற்றோடு ஒரு குற்றிமிளகுத் தொட்டி. "நயினாரே, மலையில எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்" என்றார். சங்கரன்கோவில் வெயிலில் பிழைக்குமா என்று எனக்குச் சந்தேகம். வேப்பமர நிழலில், தண்ணீர் தெளித்து வைக்கச் சொல்லி அனுப்பினேன். இந்தத் தையில் போன் வந்தது: நாலு சரம் பிடித்திருக்கிறதாம்.

மண் சொந்தமில்லாதவர்களும் கொடி வளர்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் சாரம். பிழை இருப்பின் பொறுத்தருள்க.