இரு பூக்கள் சந்திக்கும் காலம்

மேல்நாடுகளில் மரங்கள் இலையுதிர்க்கும் பருவம், நாஞ்சில் நாட்டில் ஒரே வயலில் ஒரு பூ கரையேறி மறு பூ இறங்கும் பருவமாகும். மலையாளக் கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. கும்பமாகிய மாசியை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ.

சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும், பத்மநாபபுரம் சரஸ்வதியும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் எழுந்தருளும் நாட்களில், வடசேரியைச் சுற்றியுள்ள குடியானவர் வானத்தை நோக்கியிருப்பர். கடன் தீர்வதும், தீபாவளிக்கு வடசேரிச் சந்தைக்குப் போவதும், மாட்டுக்கு வைக்கோல் சேர்வதும் கன்னிப்பூ அறுப்பைப் பொறுத்தவை. ஐப்பசி மழைக்குள் அகப்பட்ட நெல் சாய்ந்து கதிரிலேயே முளைவிடும், வைக்கோலும் மக்கும்.

இந்நஷ்டம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாத நஷ்டம் மாசியில் வருகிறது. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையைத் தலையாகக் கொண்ட கோதையாற்றுப் பாசனத்தில், வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரையே நீர் விடப்படுகிறது. திருப்பதிசாரம் 3 என்னும் நெல்லுக்கு ஏறக்குறைய 135 நாட்கள் வேண்டும். அக்டோபர் முதல் தேதியில் விதைத்தால் பிப்ரவரி நடுவில் அறுக்கலாம். நவம்பர் 15-இல் விதைத்தாலோ, கதிர் பூக்கும் தறுவாயில் கால்வாய் நீர் நின்றுவிடும், பதரே மிஞ்சும்.

ஆகையால் கவனிக்க வேண்டியவை சில:

1. கதிரில் பத்துக்கு எட்டு மணிகள் பழுத்ததும் அறுப்பைத் தொடங்குக.

2. அறுப்பு முடியட்டும் என்று காத்திராமல், மேட்டுப்பாங்கான தனியிடத்தில் நாற்றங்கால் விடுக. நான்கு வாரத்து நாற்று நடவுக்கு ஏற்றது. முதிர்ந்த நாற்றில் தூர் குறையும்.

3. சேமிக்கும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாதவாறு காயவைக்க வேண்டும்.

4. தவிர்க்க முடியாமல் காலந்தாழ்ந்தால், நீண்டகால நெல்லை விடுத்து 110 நாள் அளவில் விளையும் நெல்லை விதைப்பதே புத்தி.

ஒருவர் மட்டும் முந்துவதால் பயன் முழுமையாகாது. மேல்வயல் நடவுக்கு நீர் கட்டும்போது கீழ்வயலில் கதிர் நின்றால், கசிவுநீர் அதன் அறுப்பைக் கெடுக்கும். கிராம அதிகாரிகள் ஆவணியிலேயே பற்றுதாரரைக் கூட்டி, விதைப்பு நாளையும் நீர்முறையையும் ஒருமுகமாக நிச்சயிப்பதும், வடிகால்களை மழைக்கு முன் தூர்வாரச் செய்வதும் அவசியம். புரட்டாசியில் தவறவிட்ட பதினைந்து நாளை மாசியில் எவராலும் மீட்டுத்தர இயலாது.