சேற்றுப்புண் முதல் ஆணிக்குத்து வரை

1924 ஜூன் 30. அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், வெள்ளை மாளிகைத் திடலில் காலுறை இல்லாமல் டென்னிஸ் ஆடினான். ஷூ உரசிக் கால்விரலில் கொப்புளம் கிளம்பியது. ஜூலை 7 அன்று அவன் இறந்துபோனான். தேர்ந்த மருத்துவர்கள் இருந்தார்கள், மருந்துதான் இல்லை. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல்.

அவன் உயிரைப் பறித்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருப்பதும் இதுதான். தோல் கிழியாதவரை அதனால் எளிதில் உள்ளே போக முடியாது.

கிழிந்தாலும் உடல் சும்மா இருப்பதில்லை. சில நிமிடங்களில் ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொண்டு காயத்தின் வாயை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் திரண்டு கிருமிகளை விழுங்குகின்றன. சீழில் பெரும்பகுதி அப்படி மடிந்த வெள்ளணுக்களே. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும் தற்காப்புதான். அங்குள்ள நிணநீர் முடிச்சு கிருமிகளை மறித்து நிறுத்தும்போது வீங்குகிறது. அதையும் தாண்டி அவை ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து.

காயம் எவ்வளவு பெரிது என்பதைவிட எவ்வளவு ஆழம், எந்த மண், எந்தத் தண்ணீர் என்பதே முக்கியம். ஆணி குத்தினால் ரத்தம் அதிகம் வராது. மேல்வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும். காற்றுப் புகாத அந்த ஆழம்தான் டெட்டனஸ் கிருமிக்கு ஏற்ற இடம். நோய்க்குக் காரணம் ஆணியின் துரு அல்ல. மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் அந்தக் கிருமியின் வித்துகள் உள்ளே போய் முளைக்கின்றன. நச்சு நரம்புகளைப் பிடிக்க, பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகுகிறது. அதற்குள் காயமே ஆறியிருக்கலாம்.

நடவு வயலில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு வேறு வழியில் ஆபத்து வருகிறது. ஈரத்தில் ஊறிய விரலிடுக்கு வெந்து சேற்றுப்புண் ஆகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருக்கும் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா அந்தப் புண் வழியே நுழைந்தால் எலிக்காய்ச்சல். இலங்கையில் ஆபத்து மிகுந்த பகுதிகளின் நெல் விவசாயிகளுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். யானைக்கால் உள்ளவர்களுக்கோ விரலிடுக்குப் புண் ஒவ்வொன்றும் காய்ச்சலையும் கூடுதல் வீக்கத்தையும் கொண்டுவரக்கூடும். சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைப்பதே அவர்களுக்கான சிகிச்சையின் முக்கியப் பகுதி.

அடிபட்டதும் ஓடும் சுத்தமான நீரில் சோப்பால் கழுவ வேண்டும். காப்பித்தூள், சாம்பல், சாணம் எதையும் அப்பக் கூடாது. மண்பட்ட காயம் என்றால் கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் வலி எச்சரிக்காது. தினமும் பாதத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். சிவப்பு பரவினாலோ, புண்ணிலிருந்து செங்கோடு மேலேறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.