காங்கேசன்துறைத் தேர்தற்றொகுதியின் வரலாறு

வாக்காளருக்கும் அவர்தம் உறுப்பினருக்கும் இடையேயுள்ள உறவு யாது என்னும் வினாவைக் காங்கேசன்துறையைப் போலத் தெளிவாக எழுப்பிய தேர்தற்றொகுதிகள் இலங்கையிற் சிலவே. 1947 முதல் 1989 வரை ஓருறுப்பினர்த் தொகுதியாக விளங்கிய அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி, மாகாணமொன்றின் சனத்தொகையில் 75,000 பேருக்கு ஓர் உறுப்பினரும், 1,000 சதுரமைற் பரப்புக்கு ஓர் உறுப்பினருமாகக் கணிக்கப்பட்டு, நாடு 89 தொகுதிகளாக வகுக்கப்பட்டது. அவற்றுள் 84 தொகுதிகள் ஓர் உறுப்பினரை மட்டும் தெரிவன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள காங்கேசன்துறை இவ்வகையைச் சேர்ந்தது. துறைமுகம், சீமெந்துத் தொழிற்சாலை, புகையிரதப் பாதையின் வடவெல்லை, கீரிமலை நகுலேசுவரம், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் ஆகியன இப்பகுதிக்குச் சிறப்பளித்தன.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் சார்பில் நின்ற சா. ஜே. வே. செல்வநாயகம் தெரிவுசெய்யப்பட்டார். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களையும், காங்கிரசு அரசாங்கத்துடன் இணைந்தமையையும் ஏற்காது பிரிந்த அவர், 1949 டிசெம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். எனினும் 1952 இல் அவர்தம் தொகுதியே அவரைக் கைவிட்டது. ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்ற சு. நடேசபிள்ளை வெற்றிபெற்றார், இவர் பரமேசுவராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய அறிஞர். கட்சித் தலைவர் என்னும் காரணத்தால் மட்டும் ஒருவரை ஏற்கும் இயல்பு இவ்வாக்காளரிடம் இல்லை என்பது இதனாற் பெறப்படும். 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் கொள்கை மேலோங்கவே, அதே தொகுதி செல்வநாயகத்தை மீட்டும் தெரிந்தது. 1960 இல் இருமுறையும், 1965 இலும், 1970 இலும் அவரே வென்றார். சைவத் திருத்தலங்கள் பொலியும் தொகுதி கிறித்தவர் ஒருவரை இவ்வாறு தொடர்ந்து தெரிந்தமை கருதத்தக்கது.

1972 மே மாதத்திற் குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. தமிழர் அதனை ஏற்கவில்லை என்பதை வாக்கு மூலம் நிறுவ விரும்பிய செல்வநாயகம், ஒக்டோபரிற் பதவியைத் துறந்து, அரசாங்கம் தம்மை எதிர்த்துப் போட்டியிடுமாறு அறைகூவினார். ஆயின் இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 ஆம் நாளே நடைபெற்றது. ஏறத்தாழ இரண்டாண்டு நான்கு மாதம் தொகுதி உறுப்பினரின்றிக் கிடந்தது. செல்வநாயகம் 25,927 வாக்குகளும், அரசாங்கத் தரப்பிற் போட்டியிட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகளும் பெற்றனர். ஒரு தொகுதியின் வாக்கு ஓர் இனம் முழுவதன் கருத்தாகுமோ என வினவுதல் தகும். எனினும் செல்வநாயகம் அதனைத் தனியரசுக்கான ஆணையெனக் கொண்டார். 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது.

1977 ஏப்பிரலில் அவர் மறைந்தார். அவ்வாண்டு யூலையில் நடந்த பொதுத் தேர்தலில் இத்தொகுதி அ. அமிர்தலிங்கத்தைத் தெரிந்தது, அவர் எதிர்க்கட்சித் தலைவருமானார். 1982 இறுதியில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, பொதுத் தேர்தலின்றியே பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தது. 1983 ஓகத்தில் நிறைவேறிய ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என உறுப்பினர் சத்தியஞ்செய்தல் வேண்டுமென விதித்தது. பாராளுமன்றத்தைப் பகிட்கரித்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஒக்டோபரில் ஆசனங்களை இழந்தனர். அதன்பின் 1989 வரை காங்கேசன்துறைக்கு உறுப்பினர் எவரும் இருந்திலர்.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு வகுத்த விகிதாசார முறை, 1989 பெப்ரவரியிற் பொதுத் தேர்தலொன்றில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. காங்கேசன்துறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாயிற்று. பழைய முறையிலே தோற்றவர்க்களித்த வாக்குப் பயனற்றுப் போனது. 1975 இல் 9,457 பேர் அந்நிலையினர். புதிய முறை அக்குறையைத் தணிப்பினும், இன்னார் எம் உறுப்பினர் எனச் சுட்டும் வாய்ப்பை ஊரார் இழந்தனர். இரண்டிலும் நன்மையுமுண்டு, தீமையுமுண்டு. ஆயின் மக்களிடம் வினாவைக் கேட்கத் தாமதித்தலும், அவர் அளித்த விடையிருந்த ஆசனத்தை ஆண்டுக்கணக்கில் வெறுமையாக விடுதலும் எம்முறையினும் பிரதிநிதித்துவத்தின் அடித்தளத்தையே தகர்ப்பனவாம். காங்கேசன்துறையின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.