தீப்புண்ணும் மாற்றுத் தோலும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி, ஒரு தலைமுறைக்கு முன்புவரை ராகிக் கொல்லைகளுக்கும் தக்காளித் தோட்டங்களுக்குமே பெயர் பெற்றிருந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடைப் பெஞ்சில் கலந்து ஒலிக்கும் அந்த எல்லைப்புறத்தில், இன்று விடியுமுன்னே ஆலைப் பேருந்துகள் வரிசையாக வந்து நின்று, வெளியூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம் பெண்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் செல்கின்றன. 2024 செப்டம்பர் 28ஆம் தேதி காலையில், இவ்வூர்ப் பக்கத்து டாட்டா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரசாயனப் பொருள்கள் வைத்திருந்த பகுதியில் தீப்பற்றிக் கரும்புகை வானத்தை மறைத்தபோது, தொழிலாளர்கள் உடனே வெளியேற்றப்பட்டார்கள். மூச்சுத் திணறியவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. உயிர்ச்சேதம் ஒன்றும் நேரவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் இப்பகுதிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டியவுடன் வரும் கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளியில், தீபாவளி வியாபாரத்துக்காகப் பட்டாசுக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் தீயில் சிக்கி உயிரிழந்தார்கள்.

இத்தகைய சம்பவங்களில் இறந்தோர் தொகையைக் கேட்டறிந்து பெருமூச்சு விடுவதோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. பிழைத்தவர்கள் அதன்பின் எத்தனை மாதம் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை அவர்களுடைய குடும்பத்தாரைத் தவிர வேறு எவரும் விசாரிப்பதில்லை. நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 லட்சம் பேர் தீக்காயம் அடைகிறார்கள் என்றும், அவர்களில் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்றும் மத்திய அரசின் தீக்காயத் தடுப்புத் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள், பெண்கள், குழந்தைகள்.

சரீரத்தின் அவயவங்களில் மிகப் பெரியது தோல். மேலே மெல்லிய புறத்தோல். அதன்கீழ் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வியர்வைச் சுரப்பிகளும் பொதிந்த தடித்த உள்தோல். புறத்தோல் மட்டும் எரிந்தால் அது தானே வளர்ந்துவிடும். உள்தோல் முழுவதும் வெந்துபோனால், வளர்வதற்கு வித்து ஏதும் மிஞ்சுவதில்லை. ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் வெந்துபோவதால் அங்கே வலிகூடத் தெரியாது. 'வலிக்கவில்லை' என்று நோயாளி சொல்வதைக் கேட்டு உறவினர்கள் ஆறுதல் அடைவதும், அதே வார்த்தையைக் கேட்டு வைத்தியர் முகம் வாடுவதும் தீப்புண் வார்டுகளில் அன்றாடம் நிகழ்வது.

தோல் போனால் முதலில் ஓடிப்போவது நீர். அமெரிக்காவில் டல்லஸ் நகரின் பார்க்லண்ட் மருத்துவமனையில் பாக்ஸ்டர் என்பவர் 1960களில் வகுத்த கணக்கு இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது: எரிந்த பரப்பின் சதவிகிதத்தை உடல் எடையால் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்கினால் வருவதே முதல் 24 மணி நேரத்தில் சிரை வழியே செலுத்த வேண்டிய திரவத்தின் மில்லிலிட்டர் அளவு. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு அவர் உடலில் ஏறக்குறைய ஒரு சதவிகிதம் என்பதால், பரப்பை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 சதவிகிதம் எரிந்திருந்தால் 9,600 மில்லிலிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து எண்ணப்படுவது, மருத்துவமனை வாசலிலிருந்து அன்று. ஆகையால் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியிலும் பெங்களூர்ச் சாலை நெரிசலிலும் கழியும் ஒவ்வொரு மணியும் அந்தக் கணக்கிலேயே பற்று எழுதப்படுகிறது.

இந்தக் கண்டத்தைத் தாண்டியவருக்கு அடுத்து வேண்டியது ஒரு போர்வை. வெந்த தோலை முதல் சில நாட்களுக்குள்ளேயே சீவியெடுத்துவிட்டு உடனே மூடிவிட வேண்டும் என்ற முறையை 1970இல் யுகோஸ்லாவியாவின் ஜான்ஸெகோவிச் என்னும் பெண்மணி எழுதி வெளியிட்ட பிறகே, கிருமி தாக்கிச் சாவோர் தொகை குறையத் தொடங்கியது. ஆனால் எதைக் கொண்டு மூடுவது? நோயாளியின் தொடையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கு கனத்தில் தோலைச் சீவி, அதைச் சிறு இயந்திரத்தில் செலுத்தி, வரிசை வரிசையாகக் கீறல் இட்டு, வலையாக இழுத்து விரித்து, ஒன்றுக்கு மூன்று மடங்கு இடத்தில் பரப்புவதே சிறந்த வழி. கண்ணிகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தை ஓரங்களிலிருந்து புதுத்தோல் படர்ந்து நிரப்பிக்கொள்ளும். ஆறிய பின்னும் அந்த வலையின் கோலம் மறைவதில்லை.

தோலை இடம் மாற்றும் வித்தையில் நம் நாடு முன்னோடி என்று பேசுவோர் சுசுருதரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த மண்ணுக்கு நெருக்கமான கதை அதைவிடப் பிந்தியது. இராயக்கோட்டையும் கிருஷ்ணகிரியும் கைமாறிய அந்த மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர் திப்புவின் படையினரிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். பின்னர் புணேக்கு அருகில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், அவருடைய நெற்றித் தோலை வேர் அறாமல் அறுத்துக் கீழே திருப்பிப் புதிய மூக்கை அமைத்தார். 1794இல் இலண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியான இந்தச் செய்தியைப் படித்துத்தான் ஐரோப்பிய அறுவை வைத்தியர்கள் இத்தொழிலைக் கையில் எடுத்தார்கள்.

சொந்தத் தோல் எவ்வளவு சிறந்ததாயினும், உடலில் பாதிக்குமேல் எரிந்தவரிடம் அது போதிய அளவு இருப்பதில்லை. இந்த இடத்தில்தான் மாற்றுத் தோல் ஆராய்ச்சி பிறந்தது. 1981இல் பாஸ்டனில் பர்க் என்னும் அறுவை வைத்தியரும் யன்னாஸ் என்னும் விஞ்ஞானியும் இரண்டடுக்கு 'செயற்கைத் தோல்' ஒன்றை வெளியிட்டார்கள். கீழடுக்கு, மாட்டின் கொலாஜன் என்னும் புரதமும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளும் சேர்ந்த நுண்துளைப் பஞ்சு. மேலடுக்கு சிலிக்கோன் படலம். கீழ்ப் பஞ்சுக்குள் நோயாளியின் உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் குடியேறி, இரண்டு மூன்று வாரங்களில் அதையே தம் உள்தோலாக ஆக்கிக்கொள்ளும்; அதன்பின் சிலிக்கோனை உரித்தெறிந்து, மிக மெல்லிய சொந்தப் புறத்தோலை ஒட்டினால் போதும்.

அந்தப் பஞ்சின் மூலப்பொருளான கொலாஜன், உலகுக்குத் தன் உருவத்தைக் காட்டியது சென்னையில் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 1952இல், துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் காலத்தில், மதராஸ் சர்வகலாசாலையின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். இராமச்சந்திரன், அங்கு வருகை தந்த பெர்னால் என்ற அறிஞரின் பேச்சால் தூண்டப்பெற்று, கொலாஜனின் அமைப்பைக் கண்டுபிடிக்க முனைந்தார். நல்ல மாதிரிப் பொருள் வேண்டுமே! அடுத்திருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. அதன்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி எடுத்த படங்களைக் கொண்டு, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜன் மூன்று இழைகளாலானது என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த மூன்றும் பின்னிய சடைபோல் ஒன்றையொன்று முறுக்கிச் செல்வதையும் நிறுவினார்கள். முறுக்கின் உட்புறத்தில் இடம் மிகக் குறுகலானதால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் எல்லாவற்றிலும் சிறிய அமினோ அமிலமான கிளைசீன்தான் அமர முடியும். தோலின் உறுதிக்குக் காரணமே இந்த நெருக்கம்.

செருப்புக்கும் பெட்டிக்கும் தோல் பதனிடும் வழிகளை ஆராய 1948இல் தோன்றிய அதே தோல் ஆராய்ச்சி நிலையம், பிற்காலத்தில் கொலாஜனைத் தாள்களாக்கித் தீப்புண்ணை மூடும் தொழில்நுட்பத்தையும் உருவாக்கியது. இத்தகைய தாள் சாராயக் கரைசலில் ஊறிய நிலையில் உறைக்குள் வரும். உப்புநீரில் அலசிப் புண்ணின்மேல் பரப்பினால், ஓரிரு நாளில் காய்ந்து சருகாக ஒட்டிக்கொள்ளும். அடியில் புதுத்தோல் வளர வளர ஓரம் தானே சுருண்டு உதிரும். நாள்தோறும் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கிளறும் வேதனை இல்லாமற் போவது ஒன்றே இதற்குப் பெருஞ்சிறப்பு. முழு ஆழம் எரிந்த இடத்துக்கு இது போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார், பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கிச் செய்த 'கோலிடெர்ம்' என்னும் மூடுபொருள் 2023இல் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்ச் செலவு இரண்டாயிரமாகக் குறையும் என்பது அவர்கள் கூற்று. இதே நாட்டில் மும்பை சயன் மருத்துவமனையின் மருத்துவர் மாதுரி கோரே, வாழையிலையைத் தூய்மைப்படுத்தித் தீப்புண் கட்டாகப் பயன்படுத்தி, அது புண்ணில் ஒட்டாமல் வலியின்றிப் பிரிவதை 2003இல் எழுதி வெளியிட்டார். பல லட்ச ரூபாய் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கும் மரியாதையை இந்த வாழையிலைக்கும் கொடுப்பதே நியாயம்.

உயிரணுவையே வளர்த்துத் தோலாக்கும் முயற்சியை விட்டுவிடலாகாது. ரைன்வால்டும் கிரீனும் 1975இல் மனிதப் புறத்தோல் அணுக்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கக் கற்றார்கள். 1983இல் உடலில் 95 சதவிகிதத்துக்குமேல் எரிந்த, ஐந்தும் ஆறும் வயதான இரு அமெரிக்கச் சகோதரர்கள், இவ்வாறு வளர்த்த தங்கள் சொந்தத் தோலால் உயிர் பிழைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் பியோனா வுட் அணுக்களைத் தெளித்து மூடும் முறையை 2002ஆம் ஆண்டு பாலி குண்டுவெடிப்பில் காயமுற்றோருக்குப் பயன்படுத்தினார். இவையெல்லாம் வியப்புக்குரியவையே. ஆனால் வளர்ப்பதற்கு மூன்று வாரம் வேண்டும். உள்தோல் இல்லாத இடத்தில் வளர்ப்புத் தோல் எளிதில் உரிந்துவிடும். செலவோ நம் அரசு மருத்துவமனைகள் நினைத்தும் பார்க்க முடியாதது. மேலும், இதுவரை வந்துள்ள மாற்றுத் தோல் எதிலும் வியர்வைச் சுரப்பி இல்லை. உடல் முழுதும் ஒட்டுத் தோலாக மீண்ட தொழிலாளி ஒருவர், சித்திரை வெயிலில் வியர்க்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே காய்கிறார் என்பதை நஷ்டஈட்டு அட்டவணை எழுதுவோர் யாரும் கணக்கில் கொள்வதாகத் தெரியவில்லை.

என் அபிப்பிராயத்தில், இன்றைக்கு உத்தனப்பள்ளித் தொழிலாளியின் உயிரைக் காக்கக்கூடிய மாற்றுத் தோல், இறந்தவர் கொடுக்கும் தோல்தான். அது நிரந்தரமாக ஒட்டாது. இரண்டு மூன்று வாரங்களில் உடல் அதை ஒதுக்கிவிடும். ஆயினும் அந்த இடைக்காலத்தில் நீரையும் கிருமியையும் தடுத்து, தொடைத் தோல் மீண்டும் வளர்ந்து இரண்டாம் முறை சீவுவதற்கு அவகாசம் வாங்கித் தரும். 2000இல் சயன் மருத்துவமனையில் இந்தியாவின் முதல் தோல் வங்கி தொடங்கியது. பெங்களூர் விக்டோரியா மருத்துவமனையிலும் பின்னர் ஒன்று ஏற்பட்டது. எடுத்த தோலைக் கிளிசரினில் இட்டு நான்கு டிகிரிக் குளிரில் ஐந்தாண்டுவரை வைத்திருக்கலாம். இரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை. இருப்பில் இருந்தால், அத்திப்பள்ளித் தீ போன்ற விபத்து நேரும் நாளில் அலமாரியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் எந்த ஆய்வுக்கூடமும் அன்று உதவிக்கு வராது. சமூகப் பொறுப்பு நிதியில் பூங்கா அமைத்துக் கல்வெட்டு நடும் ஓசூர்ப் பகுதி ஆலைகள், அதில் ஒரு பங்கைத் தோல் வங்கிக்குக் கொடுக்குமாயின் அந்த நிதிக்கே பெயர் விளங்கும்.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். தீப்பட்டவுடன் இட்லி மாவும் பேனா மையும் பல்பசையும் தேடாமல், இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரைக் காயத்தின்மேல் விடுங்கள், பனிக்கட்டி வேண்டாம். வீட்டில் மரணம் நேர்ந்தால், ஆறு மணி நேரத்துக்குள் தோலை எடுக்கலாம். கால்களிலிருந்தும் முதுகிலிருந்தும் மேலடுக்கை மட்டும் முக்கால் மணி நேரத்தில் சீவியெடுத்துக் கட்டிவிடுவார்கள். இரத்தம் பெருகாது, உருவம் கெடாது, சடங்குகளுக்குத் தடை நேராது. கண் தானத்துக்காகத் தொலைபேசியில் அழைக்கும்போது, தோலையும் எடுத்துக்கொள்வீர்களா என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்.