குமிழைக் குறைத்தால் கிடைக்கும் பேஸ்

திருக்கோவிலூரிலும் தென்பெண்ணைக் கரை ஊர்களிலும் திருவிழா என்றால் இரவில் இன்னிசைக் கச்சேரி உண்டு. பாடகர் எஸ்.பி.பி.யின் குழைவை ஓரளவு பிடித்துவிடுவார். வயலின்களைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். பேஸ் கிடார்தான் பெரும்பாலும் மொத்தையாக இடித்துக்கொண்டிருக்கும். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். குரலுக்கு அடியில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அக்கால இளையராஜா பாடல்கள் பலவற்றில் பேஸ் வாசித்தவர் சசிதரன். அவர் வாசித்த சுரங்களை ஒன்று விடாமல் பாடம் செய்த பையன்களுக்கும் அந்த நாதம் மட்டும் வருவதில்லை. உடனே 'நல்ல கிடார் இல்லை' என்பார்கள்.

கிடாரை அப்புறம் பார்க்கலாம். முதலில் கம்பி. பேஸின் மிகத் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் நொடிக்கு சுமார் 41 அதிர்வுகள். அதோடு 82, 124, 165 என்று மேற்சுரங்களும் எழும். புதுக் கம்பியில் இவை பளீரென்று கேட்கும். வியர்வையும் அழுக்கும் சுற்றுகளில் ஏறிய பழைய கம்பியில் மங்கிவிடும். அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியை மாற்றவே விரும்பாதவர் என்பது பிரசித்தம். விரல் படும் இடமும் முக்கியம். கம்பிகளைத் தாங்கும் பாலத்தை ஒட்டி மீட்டினால் ஒலி கூராகும், கழுத்துப் பக்கம் போகப்போக உருண்டு வரும். காசு செலவில்லாத இந்த மாற்றத்தைத்தான் யாரும் செய்து பார்ப்பதில்லை.

அடுத்தது காது. 'இளைய நிலா'வை நம்மில் பலர் முதலில் கேட்டது டீக்கடை ரேடியோவில், சின்ன டேப் ரெக்கார்டரில். அவற்றின் ஸ்பீக்கருக்கு 41 அதிர்வை எழுப்பும் தெம்பு கிடையாது. ஆனாலும் பேஸ் கேட்டது. வெளியே வந்த மேற்சுரங்களுக்கு இடையில் 41 என்ற ஒரே இடைவெளி இருப்பதை வைத்து, வராத அடிச்சுரத்தை மூளையே கேட்டுக்கொண்டது. ஒலியியலில் இதை 'விடுபட்ட அடிச்சுரம்' என்பார்கள். அப்படியானால் நம் நினைவில் தங்கிய பேஸில் பெரும்பங்கு மேற்சுரங்கள்தான். மேடையில் ஆம்ப்ளிஃபயரில் தாழ்ந்த சுரங்களைக் கூட்டும் 'லோ' குமிழை முழுக்கத் திருகும்போது அவைதான் மூழ்கிப்போகின்றன.

ஒலியளவும் சேர்ந்து குழப்பும். 1933இல் ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது: மெல்லிய ஒலியில் நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் மந்தமாகப் படும், ஒலி ஏற ஏற அவை மற்றவற்றுக்கு ஈடாக எழும்பி வரும். வீட்டில் அளவாக இருந்த அதே அமைப்பு, தெருவில் ஆளுயர பாக்ஸ்கள் அலறும்போது தானாகவே கனத்துவிடும். போதாததற்கு 41 அதிர்வின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். அந்த அலை பாக்ஸுக்கு முன்னால் மட்டும் போகாது. சுற்றி வந்து மேடைக்குப் பின்னாலும் இடிக்கும். வாசிப்பவருக்கே தன் சுரம் தெளிவாகக் கேட்காது.

அதனால் ஒத்திகையைக் கைபேசியில் பதிவு செய்து, அசல் பாட்டையும் அதே கைபேசியில், அதே ஒலியளவில் போட்டுக் கேட்பது நல்லது. அந்தத் துக்கடா ஸ்பீக்கரில் பேஸ் மெட்டைப் பின்தொடர முடியாவிட்டால் முதலில் விரலை நகர்த்த வேண்டும். பிறகு நடு அதிர்வுகளை, சுமார் 200 முதல் 800 வரை, கொஞ்சம் ஏற்றலாம். 'லோ' குமிழை டிரம்ஸ்காரரின் கிக் டிரம்முக்கு விட்டுக்கொடுப்பதே என் கட்சி. இரண்டும் ஒரே இடத்தில் மோதினால் ஆடுகிறவர்களுக்கு லாபம், பாட்டுக்கு நஷ்டம்.