இலாமலேரா: ஒரு கடற்கரைச் சிற்றூரின் வாழ்வும் உடைமையும்

உடைமை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்திலே தோன்றுவன வயலும் வளவும், வீடும் நகையும், அவற்றுக்குரிய உறுதிகளுமாம். எல்லையிட்டு வேலியடைத்த நிலத்தை அடியாகக் கொண்டே உடைமைபற்றிய நம் எண்ணம் வளர்ந்துள்ளது. உழுதற்கு நிலமில்லாத மக்களிடையே உடைமை எவ்வாறு அமையும்? அன்னாரிடை எல்லாம் பொதுவாய் இருக்கும் என்று கூறுவோர் பலர். திமிங்கில வேட்டையால் வாழும் ஓர் இந்தோனேசியச் சிற்றூரின் வழக்கங்களை ஆராய்வோர்க்கு அக்கூற்றுப் பொருந்தாமை விளங்கும். அவ்வூரிலே, கடலில் உலவும் விலங்கு கரைக்கு வருமுன்னரே அதன் ஒவ்வொரு துண்டும் இன்னாருக்குரியதென்று வகுக்கப்பட்டுள்ளது.

புளோரசுத் தீவுக்குக் கிழக்கே சொலோர், அடொனாரா, இலெம்பாட்டா என்னும் தீவுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இலெம்பாட்டாவை ஒல்லாந்தர் இலொம்பிளென் என வழங்கினர். அத்தீவின் தென்கரையில், இலபலேக்கான் என்னும் எரிமலையின் அடிவாரத்திலே, சாவுக் கடலை நோக்கியவாறு இலாமலேரா அமைந்துள்ளது. மேலூர், கீழூர் என இரு பகுதிகளாய் அது பாறைச் சரிவிலே படிப்படியாகக் காணப்படும். மண் ஆழமற்றது, நெல் விளையாது, சோளமும் அரிதாகவே விளையும். ஆயின், நிலம் மறுத்ததைக் கடல் தந்தது எனலாம். சாவுக் கடலின் நடுப்பள்ளம் 3,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடையது. கரையை விட்டுச் சிறிது தூரஞ் செல்லவே ஆழங் காணப்படுதலால், ஆழ்கடற் கணவாயை உண்டு வாழும் பெருந்தலைத் திமிங்கிலங்கள் ஊரார் கண்ணுக்கு எட்டிய தூரத்திலே மூச்செறிந்து செல்லும். கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவ்வூரிற் பலர்க்கு ஒரு தொழிலாய் அமைந்தமை இதனாலேயாம்.

இவ்வேட்டை அண்மையிலே தோன்றியதன்று. அப்பகுதி மக்கள் எறியுளி கொண்டு திமிங்கிலம் பிடித்து நெய் எடுத்தமையை 1624 ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கேயர் ஒருவர் குறித்து வைத்துள்ளார். (எறியுளி என்பது நம் சங்கப் புலவர் வழங்கிய சொல், இதனினும் பொருத்தமான சொல்லைத் தேடவேண்டியதில்லை.) ஐரோப்பியரின் திமிங்கிலக் கப்பல்கள் அக்கடல்களிற் புகுதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மக்கள் இத்தொழிலிற் கைதேர்ந்திருந்தனர். போர்த்துக்கேயர் தம் உரிமையை 1859 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஒல்லாந்தர்க்கு விட்டுக்கொடுத்தனர். 1886 இல் யேசுசபைக் குருமார் அங்குச் சென்று சிறுவர்க்குத் திருமுழுக்கு அளித்தனர். 1920 களில் பேர்ணாட் போடே என்னும் செருமானியக் குரு அங்கே தங்கிப் பணிபுரிந்த பின்னர் ஊர் முழுவதும் கத்தோலிக்கமாயிற்று.

இனி நிலத்தை நோக்குவோம். இன்றைய ஊராரிற் பெரும்பாலோர் தம்மை வந்தேறிகள் என்றே கூறுவர். தம் முன்னோர் செலெபெசுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, இலெப்பான் பாத்தான் என்னுந் தீவிலே குடியிருந்து, அது கடலாற் கொள்ளப்பட்டபின் இக்கரையை அடைந்தனர் என்பது அவர்தங் கதை. கடல்கோளைப் பற்றிய பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாய்த் தோன்றாது. வந்தவர்க்கு இடமளித்தோர் அங்கு முன்னரே வாழ்ந்த குடியினர். இலாங்கோவுயோன், துபாவோனா என்னும் அக்குடியினர் இன்றும் நிலத்தலைவர் எனப் போற்றப்படுகின்றனர். நிலத்தலைமை என்பது வாரம் வாங்கும் உரிமையன்று. அது பெரிதும் சடங்குரிமையேயாம். ஆண்டுதோறும் வேட்டைக் காலந் தொடங்குமுன் மலைச் சரிவிலுள்ள திமிங்கில வடிவக் கல்லின் அருகே நின்று திமிங்கிலங்களை அழைப்போர் இவர்களே. அதற்கீடாகப் பிடிபடும் திமிங்கிலத்தின் தலையில் ஒரு பகுதி இவர்க்குரியது. நிலத்தைக் கொடுத்தவர்க்குக் கடலிலிருந்து வாடகை செலுத்தப்படுகின்றது என்று நாம் இதனை விளக்கிக்கொள்ளலாம். வந்தேறிய குடிகளுள்ளே முதன்மையானவை மூன்று: பிளிகொலொலோ, பத்தாவோனா, இலெவொதூக்கா. இவை மூன்றையும் சேர்த்து ‘அடுப்புக்கல் மூன்று’ என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். மூன்று கல் இல்லாது உலை ஏறாது என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வூரின் தலையாய உடைமை தேனா எனப்படும் வள்ளமாகும். ஏறத்தாழ பத்து மீற்றருக்கு மேற்பட்ட நீளமும் அகன்ற வயிறும் உடையது. ஓலையாற் பின்னிய நீள்சதுரப் பாய் கொண்டது. பலகைகளைப் பொருத்துதற்கு இரும்பாணி பயன்படுத்துவதில்லை, மரமுளைகளே பயன்படும். ஒவ்வொரு பலகைக்கும் பெயருண்டு. அதன் அளவும் இடமும் முன்னோர் வகுத்தபடியே இருத்தல் வேண்டும். மாதிரிப் படமோ எழுத்தோ இல்லாமல் தச்சர் இதனை மனத்திலேயே வைத்துள்ளனர். முறை பிறழ அமைந்த வள்ளம் கடலிலே தன் பிழையைத் தானே காட்டிவிடும் என்பது அவர் நம்பிக்கை. கேபாக்கோ பூக்கா, பிராசோ சாப்பாங் என ஒவ்வொன்றும் பெயர் தாங்கியது. பழைய பலகை இற்றுப்போகப் புதியது பொருத்துவர். வள்ளம் முழுவதுமே இற்றுப்போயின் அப்பெயரிலேயே இன்னொன்று கட்டுவர். மரம் மாறினும் உடைமை மாறாது. சட்டம் பயில்வோர் கூட்டுக் கழகம் என்பதன் இலக்கணத்தை விளக்கப் பெருங் கம்பனிகளை எடுத்துக்காட்டுவர். உறுப்பினர் இறந்தும் பிறந்தும் மாறக் கழகம் நிலைத்துநிற்கும் அவ்வியல்பு, எழுத்தறிவு பரவுதற்கு முன்னரே இக்கடற்கரையில் விளங்கியமை நோக்கத்தக்கது.

தேனா தனியொருவருக்குரியதன்று, ஊர் முழுவதற்கும் உரியதுமன்று. ஒரு குடியைச் சேர்ந்த வீட்டார் சிலரும், உறவாலோ உழைப்பாலோ இணைந்த வேறு சிலரும் அதன் பங்காளராவர். பங்கு பெரும்பாலும் தந்தைவழியாக மகனுக்குச் செல்லும். பங்குடைமை வெறும் வருவாயன்று, கடமையுமாகும். வள்ளத்தைப் பழுதுபார்க்கும்போது பலகையும் கயிறும் பாயோலையும் உணவும் கொடுத்தல் பங்காளர் கடன். தங்குதற்கு வள்ளத்துக்குக் கடற்கரையில் ஒரு கொட்டிலும் உண்டு. எறியுளியோடு பிணைக்கும் முதன்மைக் கயிறு பருத்தி நூலாற் திரித்தது. அது குடியின் மூலவீட்டிலே பாதுகாக்கப்படும்.

வேட்டையின் கொடுமையை இங்கு விரிக்கின் பெருகும். வள்ளத்தின் முனையிலே நீட்டிய மூங்கிற் பரணில் எறியுளியாளன் நிற்பான். அவனுக்கு இலாமாபா என்று பெயர். தண்டுவலிப்போர் அணுகிச் செலுத்த, அவன் நீண்ட கோலோடு தன்னுடற் பாரம் முழுவதையுஞ் சேர்த்துத் திமிங்கிலத்தின் முதுகிலே பாய்வான். அடிபட்ட விலங்கு வள்ளத்தை உடைத்தலும் உண்டு, கவிழ்த்தலும் உண்டு, கண்காணாத் தூரத்துக்கு இழுத்துச் செல்லுதலும் உண்டு. 1994 இல் இவ்வாறு இழுத்துச் செல்லப்பட்டு நாட்கணக்காய்க் கடலில் அலைந்தோரைப் பயணக் கப்பலொன்று காத்தது; வள்ளங்கள் மூழ்கின. ஆள் தப்பியபோதும் மூழ்கிய வள்ளத்துக்கு ஊரார் துக்கங் காத்தனர். உடைமையை இழந்தவன் வருந்துதல் இயல்பு. அதற்கு இழவு கொண்டாடுதல், அதனை உயிராகக் கருதுவோரிடத்தே மட்டுங் காணக்கூடியது.

கரைக்கிழுத்த திமிங்கிலத்தைப் பங்கிடும் முறையே இவ்வூரின் உடைமைச் சட்டத்தின் உச்சம். உடலின் மேல் வகுக்கப்படும் கோடுகள் மரபாக வந்தவை. ஒவ்வொரு பகுதிக்கும் பெயருண்டு. வள்ளத்திற் சென்றோர்க்கு உழைப்பின் பங்கு. சென்றாலும் செல்லாவிடினும் பங்காளர்க்கு உடைமையின் பங்கு. தச்சனுக்கும், எறியுளி அடித்த கொல்லனுக்கும், பாய் செய்தோனுக்கும் தொழிலின் பங்கு. பல வள்ளங்கள் கூடிப் பிடித்திருப்பின், முதலில் வள்ளங்களுக்கிடையே பிரிவு. பின்னர் வள்ளத்துக்குள்ளே பிரிவு. பங்கிடும்போது ஓசை மிகுமாயினும் விதி ஐயத்துக்கிடமற்றது. முதற்பங்கீடு முடிந்தபின் இரண்டாவது ஒன்று வீடுகளில் நடைபெறும். தம் பங்கைப் பெற்றோர் உறவினர்க்கும் அயலார்க்கும் பகிர்வர். கைம்பெண்டிரும் தந்தையற்ற பிள்ளைகளும் உண்ணவே வள்ளம் கடலிற் செல்கின்றது என்று அவ்வூரார் கூறுவது வெறுஞ்சொல்லன்று. கடலில் ஆடவரை அடிக்கடி இழக்கும் ஊருக்கு அதுவே காப்புறுதியாகும். இரண்டாம் பகிர்வு விருப்பத்தின்பாற்பட்டது, முதலாவது உரிமையின்பாற்பட்டது. இவ்விரண்டையுங் கலந்து ‘பொதுவுடைமை’ என்று பெயரிடுதல் பொருந்தாது. தன்னது இன்னதெனத் தெளிவாக அறிந்தவனே பிறர்க்குக் கொடுக்க வல்லன்.

ஆடவர் கொணர்ந்ததைச் சோறாக்குதல் மகளிர் பொறுப்பு. வீட்டு முற்றங்களிலே மூங்கிற் பந்தலிற் கீற்றுக் கீற்றாய் இறைச்சி உலரும். ஒழுகும் நெய் கீழே ஏந்தப்பட்டு விளக்குக்குப் பயன்பட்டது. உலர்ந்த இறைச்சியைத் தலையிற் சுமந்து மகளிர் மலையூர்களுக்கு நடந்து செல்வர். வுலந்தோனியிற் சனிக்கிழமைதோறுங் கூடும் சந்தைக்குஞ் செல்வர். அங்கே காசு பெரிதும் வழங்குவதில்லை. மேற்பார்வையாளன் ஊதுகுழலை ஊதிய பின்னரே மாற்றுத் தொடங்கும். ஆறு என்பதே எண்ணும் அலகு: ஆறு சோளக்கதிர், ஆறு வாழைப்பழம் என்று அடுக்கி இறைச்சிக் கீற்றோடு ஒப்பிடுவர். உப்பும், வெற்றிலைக்குரிய சுண்ணாம்பும் இம்மகளிர் செய்து மாற்றும் பண்டங்களே. மலையில் இருப்போர்க்குக் கடலின் ஊனும் உப்பும் வேண்டும். கரையில் இருப்போர்க்கு மலையின் தானியம் வேண்டும். குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றையொன்று தாங்குதலை நாம் ஏட்டிற் கற்கின்றோம். அப்பெண்டிர் அதனைக் காலால் நடந்து நிறுவுகின்றனர். அவர்தம் சுமையைப் பற்றி எழுதுவோர் சிலரே. எறியுளியாளனைப் பற்றி எழுதுவோர் பலர்.

உண்ணவும் விற்கவும் பயன்படாத உடைமையும் அங்குண்டு. அஃது யானைத் தந்தம். யானையே இல்லாத அத்தீவுகளில் வாணிகர் பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த தந்தங்கள் வீடுகளிலே காக்கப்படுகின்றன. பெண் கொள்வோர் பெண் கொடுப்போர்க்குத் தந்தம் அளிப்பர். பெண் கொடுப்போர் சாயமூட்டிய நூலால் நெய்த அரிய சேலைகளை எதிர்வரிசையாக அளிப்பர். வள்ளமும் திருக்கை மீனும் அச்சேலைகளிலே நெய்யப்பட்டிருக்கும். மூன்று துண்டாய் இணைத்த சேலை இரண்டு துண்டினதைவிட மதிப்புடையது. மணமுறையும் நமக்கு ஆராயத்தக்கது. நம்மவர் தாய்மாமன் மகளையும் அத்தை மகளையும் ஒருங்கே மச்சாள் என்பர், இருவரும் மணத்தற்குரியர். இலாமலேராவிலோ தாய்மாமன் வழியிற் பெண்கொள்ளுதலே முறை. அத்தை மகள் விலக்கப்பட்டவள். இதனாற் பெண் ஒரு திசையிலேயே செல்ல, தந்தம் எதிர்த்திசையிற் குடிதோறுஞ் சுற்றிவருகின்றது. பெற்றவன் அதனை என்றும் வைத்திருக்க இயலாது. தன் மகனுக்குப் பெண் கேட்கும் நாளில் அது கைமாறும்.

ஆண்டின் தலைநாள் மே மாதம் முதலாந் திகதி. அதற்கு முன்னே ஊர்த்தலைவரும் எறியுளியாளரும் கடற்கரையிற் கூடியிருந்து சென்ற ஆண்டின் பிணக்குகளைப் பேசித் தீர்ப்பர். கடலில் இறந்தோர்க்காகப் பூசை நடைபெற்று, மெழுகுதிரிகள் அலையிலே விடப்படும். மறுநாட் பூசையின் பின் பிராசோ சாப்பாங் வள்ளம் முன்னே செல்லும். பிணக்குத் தீர்த்தலைச் சடங்கென்று ஒதுக்குதல் கூடாது. கரையிற் பங்குச் சண்டையோடு கடலுக்குச் சென்றால் திமிங்கிலம் வள்ளத்தை உடைக்கும் என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை. நம் வழக்குமன்றுகளில் வேலித் தகராறுகள் தலைமுறை தலைமுறையாய் நீடித்தலை நினைக்கும்போது, இவ்வச்சம் ஓரளவு நம்மிடையும் பரவுதல் நன்றெனத் தோன்றுகின்றது.

மறைபரப்புநர் நிறுவிய பாடசாலையால் இவ்வூரிலிருந்து ஆசிரியரும் குருமாரும் பலர் தோன்றினர். இந்தோனேசிய மொழியியலிற் புகழ்பெற்ற கோரிஸ் கெராப் (1936–1997) இவ்வூரிற் பிறந்தவரே. தம் ஊர்ப் பேச்சின் சொல்லமைப்பையே அவர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். கல்விக்குக் காசு வேண்டும். பண்டமாற்று அக்காசைத் தராது. ஆகவே மரபுக்குள்ளே முதல் விரிசல் கடலிலிருந்து வரவில்லை, பாடசாலைக் கட்டணத்திலிருந்தே வந்தது எனலாம்.

இரண்டாவது விரிசல் இயந்திரத்தால் வந்தது. 1973 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் நோர்வே நாட்டு வேட்டைக்காரர் ஒருவரை அனுப்பி, புதுமுறை வேட்டையைப் புகுத்த முயன்றது, அது நிலைக்கவில்லை. ஆயின் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுகள் இந்நூற்றாண்டில் வேரூன்றிவிட்டன. இயந்திரத்தின் வணிகப் பெயரையே கொண்டு அப்படகை ‘ஜோன்சன்’ என்பர். அதற்குரியவர் ஒருவரோ ஒரு வீட்டாரோ ஆவர். மீன் பிடிக்கும் வலைகளும் அவ்வாறே தனியுடைமை. வலையிற் சிக்கிய மீன் கைக்குக் காசு தரும். அதிற் கொல்லனுக்கும் கைம்பெண்ணுக்கும் வகுத்த கோடு இல்லை. திமிங்கிலத்தைக் கண்டதும் ஜோன்சன்கள் தேனாவைக் கயிறு கட்டி இழுத்துச் செல்கின்றன. எரிபொருள் வாங்கியவனுக்கு எத்தனை பங்கு என்னும் வினாவுக்கு முன்னோர் வகுத்த கோடுகளில் விடை இல்லை. ஆகவே புதுக்கோடு வரையவேண்டியதாயிற்று.

மூன்றாவதாய் அரசின் சட்டம் வந்தது. இந்தோனேசியா 1999 இல் திமிங்கிலங்களையும், 2014 இல் பெருந்திருக்கைகளையும் காக்கப்படும் உயிர்களாக அறிவித்தது. சாவுக் கடலிற் காப்பகம் அமைக்கும் திட்டத்தை 2009 இல் ஊரார் எதிர்த்தனர்; 2014 இல் காப்பகம் நிறுவப்பட்டபோது அவர்தம் வேட்டைக் கடல் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. பெருந்தலைத் திமிங்கிலத்தை உணவுக்காகப் பிடித்தலை அதிகாரிகள் பெரிதுந் தடுப்பதில்லை. திருக்கையை விற்போர் மீது வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. நீலத் திமிங்கிலத்தை ஊரார் தாமாகவே தொடுவதில்லை. முன்னோருக்கு அது உதவியது என்பது அவர் காட்டுங் காரணம். சில ஆண்டுகளிற் பல பத்தாகவும் வேறு சிலவற்றில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவும் கிடைக்கும் இவ்விலங்கு உலகத்துக்குரியதா, அன்றி அவ்வூர்க்குரியதா என்பதே வழக்கு. நிலத்தலைவரைக் கேட்டால், அது அழைத்தவர்க்குரியது என்பர். இன்றும் மே முதலாந் திகதி பிராசோ சாப்பாங் முதலில் இறக்கப்படுகின்றது. அதன் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஜோன்சன்கள் மணலில் ஏற்றிவைக்கப்பட்டுள்ளன.